வலது இறக்கை

தர்சினிக்குக் கை சும்மா இருக்காது. காலையில் திருச்சியில் காரில் ஏறியதிலிருந்து வலது கை தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. ஓட்டுவதற்குக் காரில் ஒன்றும் கிடையாது. ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு இருந்தது. அதில் காபி வைத்துக்கொள்ளலாம். காங்கேயம் தாண்டியபோது, "இன்னும் நாற்பத்தொரு நிமிடம், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றது கார். நிம்மதியைப் பற்றி இதற்கு என்ன தெரியும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பதினாறு வருடம் பயணிகள் விமானம் ஓட்டியவள் அவள். மனிதக் கை படுவதால்தான் விபத்து நடக்கிறது என்று ஒன்பது வருடங்களுக்கு முன்னால் கண்டுபிடித்து, எல்லா விமானங்களையும் எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். விமானிகளை வீட்டுக்கு அனுப்பவில்லை, அதுதான் கொடுமை. கண்காணிப்பு அறை என்று ஒன்றைக் கட்டி, ஆளுக்குப் பன்னிரண்டு விமானங்களைத் திரையில் கொடுத்து, பார்த்துக்கொண்டிருங்கள் என்றார்கள். ஏதாவது சிவப்பானால் தர்சினி எந்திரத்திடம் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் எந்திரமே சரிசெய்துவிட்டு, நன்றி என்று வேறு சொல்லும்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது போன வருடம். அக்கா வீட்டு விசேஷத்துக்குப் பயணியாக மதுரைக்குப் போனாள். விமானம் தரையைத் தொடுகிற கடைசி நொடியில் இடது சக்கரத்தை மயிரிழை தூக்கி, வலதை முதலில் பதித்து இறங்கியது. தர்சினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய பழக்கம். பயிற்சியில் எத்தனை திட்டு வாங்கியும் விடாத பழக்கம். அவள் தரையிறங்கிய நாலாயிரம் தடவையையும் பதிவு செய்து எந்திரத்துக்குப் பாடமாகப் புகட்டியிருந்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எங்கேயும் அவள் பெயரைப் போடவில்லை. "இது என் கை!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் அவசரமாகத் தன் கையை இழுத்துக்கொண்டார்.

சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. தன் கையாலேயே கட்டிய சின்ன விமானத்தைத் தன் கையாலேயே ஓட்டலாம். விழுந்தால் அவரவர் பாடு. அந்தச் சந்தில் கூட்டம் சேரவே, புதிய பெயர்களைப் பதிவதை இரண்டு வருடங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஏற்கெனவே பதிந்து பாதியில் நிற்பதை மட்டும் ஒரு தடவை கைமாற்றிக்கொள்ளலாம். அதற்கும் இன்று மாலை ஐந்து மணி கடைசி. தமிழ்நாட்டில் அப்படி நின்றவை ஐந்து. ஒன்றை உப்புக் காற்று அரித்திருந்தது. ஒன்றில் அணில் குடித்தனம் நடத்தியது. ஒருவர் விற்கவும் மாட்டேன், முடிக்கவும் மாட்டேன் என்றார். நாலாவதைப் போன வாரம் யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது பல்லடத்துக்குத் தெற்கே ஒரு பழைய கோழிப்பண்ணையில் நிற்கிற இந்த ஒன்றுதான். இதுவும் கைநழுவினால் சாகும்வரை அந்தக் காபித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று தர்சினிக்குத் தெரியும்.

பண்ணை வாசலில் ரேணுகாதேவி நின்றுகொண்டிருந்தார். அறுபத்தாறு வயது, ஒல்லி, முடியை இழுத்துக் கட்டியிருந்தார். விமானத்தைக் கட்டத் தொடங்கிய தனபால் அவர் கணவர். செத்து இரண்டு வருடம் ஆகிறது.

"வாங்க அம்மிணி. வெயில்ல வந்திருக்கறீங்க, சித்த உக்காந்து தண்ணி குடிங்க."

"பார்த்துட்டு உக்கார்றேம்மா. அஞ்சு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும்."

"அது எங்கீங்க ஓடிப்போகுது? ஓடறதா இருந்தா எப்பவோ ஓடியிருக்கும்."

தர்சினிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நடை வேகம் குறையவில்லை. கோழிக் கூண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். நீளமான தகரக் கொட்டகையின் நடுவில் தார்ப்பாய் போர்த்தியபடி விமானம் நின்றது. இரண்டு பேருமாகப் பாயை இழுத்தார்கள். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். உடல் முடிந்திருந்தது. வால் முடிந்திருந்தது. இடது இறக்கை முடிந்திருந்தது. வலது இறக்கைக்கு நுனியில் இன்னும் தகடு மூடவில்லை. இன்ஜின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒரு வருடம் உழைத்தால் பறக்கும்.

"விலையெல்லாம் போன்லயே பேசியாச்சுங்க, அதுல மாத்தமில்லை" என்றார் ரேணுகாதேவி. "ஆனா ஒண்ணு சொல்லாம உட்டுட்டேன். இதுக்குள்ள ஒரு பதிவு இருக்குதாமா. அதை நான் தொறக்க முடியாதாம். லைசென்சு இருக்கற ஆளு, வாங்க வந்தாத்தான் தொறக்க முடியுமாம். அதைப் பாத்து, அவரு ஏன் பாதியில நிறுத்துனாருன்னு எனக்குச் சொல்லீருங்க. சொல்லீட்டு எடுத்துட்டுப் போங்க."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஆறு வருசத்துக்கு முந்தி, ஆடிப் பதினெட்டு அன்னைக்குக் காலையில, 'போதும், விடு'ன்னாரு. அவ்வளவுதானுங்க. அப்புறம் நாலு வருசம் இருந்தாரு, இந்தக் கொட்டாய்ப் பக்கம் தலைவெச்சுப் படுக்கலை. கேட்டாச் சிரிப்பாரு. எனக்கு வவுறு எரியுமுங்க. பண்ணையைக் காலி பண்ணி, ஊரே கேலி பேசி, பதினோரு வருசம் கட்டுனதை ஒரு மனுசன் ஒரே வார்த்தையில உடுவானுங்களா?"

"நான் பார்த்துச் சொல்றேம்மா."

வேலைக் கையுறை ஒன்று சுவரோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது, பக்கத்தில் பதிவைக் காட்டும் ஒரு திரை. சட்டத்தில் அதற்குச் சாட்சியுறை என்று பெயர். தர்சினி தன் லைசென்சைக் காட்டிப் பெட்டியைத் திறந்து, உறையை வலது கையில் மாட்டிக்கொண்டாள்.

"இது என்னங்க செய்யும்?"

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் அவர் வேலை செஞ்சிருக்கணும். தகட்டைப் பிணைக்கிற ஒவ்வொரு ரிவிட் ஆணியை அடிக்கும்போதும் கை எவ்வளவு அழுத்துச்சு, எவ்வளவு நடுங்குச்சு, நாடி எப்படி ஓடுச்சு, எல்லாம் பதிவாகும். இப்ப நான் ஓடவிட்டா அவர் கை அழுத்தினது என் கையில அப்படியே அழுத்தும்."

"நாடியுமுங்களா?"

"நாடியும்தான்."

ரேணுகாதேவி மறுபடி ஏதோ கேட்க வந்து, அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

தர்சினி இடது இறக்கையில் தொடங்கினாள். உறைக்குள் தனபாலின் கை எழுந்து வந்தது. கனமான, அவசரமில்லாத கை. நிட்டிங் மில்லில் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தாள், அது தெரிந்தது. ரிவிட்டை வைப்பார், ஒரு மூச்சு நிறுத்துவார், ஒரே இழுப்பு. செத்துப்போன ஒரு மனிதரின் கை தன் கைக்குள் வேலை செய்வதில் முதலில் உடம்பு கூசியது. பத்து ரிவிட்டுக்குப் பிறகு பழகிவிட்டது. நம்பி ஏறலாம் போன்ற வேலை. மனதுக்குள் அவள் ஏற்கெனவே ஏறிவிட்டாள், ஓடுபாதையும் பிடித்துவிட்டாள்.

வலது இறக்கைக்கு வந்தபோதுதான் இடித்தது. உறையை ஓடவிடுவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது: அந்தப் பக்கத்து ரிவிட் தலைகள் எல்லாம் கால் நூல், அதாவது முக்கால் மில்லிமீட்டர், பெரிசு. ஒரு ரிவிட் சரியாக உட்காரவில்லை என்றால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு, அகன்றுபோன ஓட்டைக்கு ஒரு அளவு பெரிய ரிவிட் போடுவார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக அப்படி இருப்பது சகஜம். ஒரு இறக்கை முழுக்க இருந்தால் எல்லாவற்றையும் யாரோ எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் போட்ட வேலை அபாரம். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் ஓடின.

உறையை ஓடவிட்டாள். தனபாலின் கைதான், ஆனால் நடுங்கியது. ரிவிட்டை ஓட்டையில் நுழைப்பதற்கே மூன்று தடவை தடுமாறியது. நோய் வந்திருக்கிறது. கோணலாக ஒரு இழுப்பு, உடனே அடுத்தது, அதுவும் கோணல். அன்று காலை முழுக்க முப்பத்தெட்டு ரிவிட், முப்பத்தெட்டும் குப்பை. பிறகு பதிவில் இரண்டு மணி நேரம் இடைவெளி. மத்தியானத்துக்கு மேல் கை திரும்பி வந்தது. தர்சினி தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். இப்போது வந்தது வேறு கை. லேசான, வேகமான கை. நடுக்கமே இல்லை. கோணல் ரிவிட்டை எடுக்கும், பெரிசைப் போடும், விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். முப்பத்தெட்டையும் மாற்றிவிட்டுத்தான் நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அவள் உறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டகையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். கைமாற்றுப் படிவத்தில் முதல் வரியே அதுதான்: "இதுவரை நடந்த வேலை முழுவதும் பதிவு பெற்றவரின் ஒரே கையால் நடந்தது என்று சரிபார்த்து உறுதி கூறுகிறேன்." கீழே அவள் கைரேகை வைக்க வேண்டும்.

ஜெரால்டுக்குப் போன் போட்டாள். அவளோடு விமானம் ஓட்டியவன், இப்போது பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு விமானம் பார்க்கிறவன்.

"ரெண்டு கைடா" என்றாள். "வலது இறக்கை வேற ஆளு செஞ்சது."

"வேலை எப்படி?"

"அவர் வேலையை விட நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? கையை வெச்சிட்டு வா."

"ஒரே கைன்னு சத்தியம் பண்ணணும்."

"எல்லாரும்தான் பண்றான். நாடிப் பக்கத்தை எல்லாம் எவன் உக்காந்து பார்க்கிறான்? அவங்களுக்கு வேண்டியது விமானம் விழுந்தா பிடிக்கிறதுக்கு ஒரு கழுத்து. உன் கழுத்தைக் குடுத்துட்டு வா. தர்சு, இதை விட்டா உனக்கு வேற கிடையாது. எனக்கும்தான். என்னையும் ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போவேன்னு சொல்லியிருக்க."

நாடிப் பக்கம் என்று அவன் சொன்ன பிறகுதான் அதைப் பார்க்கத் தோன்றியது. காலையில் தனபாலின் நாடி ஒழுங்காக ஓடியது, கைதான் நடுங்கியது. மத்தியானக் கையின் நாடி நூற்று முப்பதில் ஓடி, நாலைந்து அடிக்கு ஒன்று தப்பி, தடுமாறித் திரும்பியது. வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. நாளாக ஆகத் தப்புவது அதிகமானது. தர்சினி மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்த நாடி விளையாட்டுக் காரியம் இல்லை என்பது அவளுக்கே புரிந்தது.

மத்தியானம் ரேணுகாதேவி அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் கொண்டுவந்து வைத்தார். தர்சினி இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது இறங்கவில்லை.

"அம்மா, வலது இறக்கை நீங்க செஞ்சதா?"

ரேணுகாதேவி தயிர்ச் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தெரியுதுங்களா?"

"நல்லாவே தெரியுது."

"கெட்டுப் போச்சுங்களா? எடுக்கோணுமா?"

"கெட்டுப்போகல. ஏன் செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"அவருக்கு நரம்புல ஏதோ நோவு வந்து விரலெல்லாம் மரத்துப் போச்சுங்க. காலையில வந்து அடிப்பாரு. எல்லாம் பல்லு வுழுந்த மாதிரி கோணக்க மாணக்கன்னு நிக்கும். அவருக்குக் கண்ணும் மங்கல், லேசாத் தொட்டாத் தெரியாது. திரையில மட்டும்தான் பாப்பாரு. தப்பா அடிச்சதெல்லாம் செவப்பாக் காட்டும். மொத நாளு செவப்பைப் பாத்துட்டுச் சோறு திங்கலீங்க. உறைப் பெட்டியைத் தொறந்தபடியே உட்டுட்டு மத்தியானம் தூங்கப் போனாரு. நான் வந்து உறையைப் போட்டுட்டு எல்லாத்தையும் மாத்தி அடிச்சேன். பாத்துப் பாத்துப் பழகுனதுதானுங்க. திருப்பூர்ல இருவத்திரண்டு வருசம் ஓவர்லாக் தைச்ச கை, நூல் புடிச்ச மாதிரி போகும். அடுத்த நாளு அவரு வந்து பாத்தாரு, எல்லாம் பச்சை. 'பாத்தியா ரேணுகா, கை இன்னும் ஓயலை'ன்னாரு. அந்தச் சிரிப்புக்காக ஆயரத்து நூத்தி நாப்பது ரிவிட்டு அடிச்சேனுங்க."

"உறையில உங்க கை பதிவாகும்னு தெரியாதா?"

"உறை அவரு பேருலதானுங்க இருக்குது? அதைப் போட்டுட்டு யாரு செஞ்சாலும் அவரு கணக்குலதான் ஏறும்னு நெனச்சேன். கம்பெனியில அப்படித்தானுங்க. ஒருத்தி தலைவலின்னு படுத்தா அவ டோக்கனை எடுத்துட்டுப் போயி இன்னொருத்தி தைச்சுக் குடுப்போம். பீசு அவ பேருல ஏறும். யாரும் கேக்க மாட்டாங்க." தயிர்ச் சட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரே பயமுங்க அம்மிணி. நான் செய்யறது அவருக்குத் தெரிஞ்சு, அதுல மனசு உட்டுத்தான் நிறுத்தீட்டாரோன்னு. அதைத்தான் பாத்துச் சொல்லச் சொன்னேன்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு தர்சினி பதிவின் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். கடைசி ரிவிட் ஜூலை ஒன்பது. அதற்குப் பிறகு வேலையே இல்லை. ஆனால் யார் எப்போது பதிவைத் திறந்து பார்த்தார்கள் என்று தனியாக ஒரு பட்டியல் இருந்தது. ஜூலை பத்து, தனபால். மத்தியான ரிவிட்டுகளை உறையில் ஓடவிட்டிருக்கிறார், மூன்று மணி நேரம். பிறகு நாடிப் பக்கம். அதே பக்கத்தை அன்று ஒன்பது தடவை திறந்திருக்கிறார்.

தர்சினி வீட்டுக்குள் ஓடினாள். "அம்மா, அந்த ஜூலை மாசம் உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"நோவுன்னு ஒண்ணும் வல்லீங்க. அவருதான் திடீருன்னு மூஞ்சி சரியில்லை, வான்னு அடம் புடிச்சுக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆனி மாசக் கடைசி. பாத்தா நெஞ்சுல ரெண்டு எடத்துல அடைப்பு. இன்னொரு மாசம் உட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. எப்படித்தான் கண்டுபுடிச்சாரோ, மனுசனுக்கு ஜோசியம் தெரியும்னு எல்லாத்துகிட்டயும் சொல்லுவேன்." சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போனார்.

மணி மூன்றரை. தர்சினி மறுபடி கொட்டகைக்குப் போய் நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், விமானத்துக்குள் ஏறிக் காலை நீட்டிப் பார்த்தாள், இறங்கினாள். எல்லாம் புரிந்துவிட்டது, புரிந்ததுதான் தொல்லை. உண்மையைச் சொன்னால், தன் உயிருக்காகக் கணவர் பாதியில் கைவிட்ட விமானத்தை இந்த அம்மாள் விற்பாரா? கட்டிப்பிடித்து அழுவார், தர மாட்டார். பொய் ஒன்று தயாராகவே இருந்தது: நோய் முற்றிவிட்டது, அவருக்கு ஒன்றும் தெரியாது. அதில் அந்த அம்மாளுக்கும் நிம்மதிதான், அவர் பயந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடும். பிறகு கைரேகை. ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், ஒரு வருடத்தில் வானத்தில் இருக்கலாம். தர்சினிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. வெறுத்துக்கொண்டே அந்தப் பொய்யை நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

நாலு மணிக்கு ரேணுகாதேவி காபியோடு வந்தார். "ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

அந்தப் பொய்யைத்தான் சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா. ஆனா மனசு விட்டுப் போகல. உங்க கையை இந்த உறையில ஓடவிட்டுப் பார்த்திருக்கார். உங்க நாடியைப் பார்த்திருக்கார். ரெண்டே நாள்ல உங்களைக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருக்கார். ஜோசியம் இல்லம்மா. நீங்க மறுபடி இந்த வெயில்ல வந்து அடிக்கக் கூடாதுன்னுதான் நிறுத்தியிருக்கார்."

ரேணுகாதேவி அழவில்லை. கோபம்தான் வந்தது. முகமே சிவந்துவிட்டது.

"என்னையக் கேக்காம நிறுத்துறதுக்கு அவரு யாருங்க? ஏ ரேணுகா, நீதானா அடிச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டா என்னங்க கொறைஞ்சா போயிரும்? ஆசுபத்திரிக்குப் போயி வந்தப்புறம் நான் நல்லாத்தானே இருந்தேன்? பனி மாசமாப் பாத்து ரெண்டு பேருமாச் சேந்து முடிச்சிருக்கலாமே! நாலு வருசம் கட்டல்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டு… நான் பத்தி எரிஞ்சது அவருக்குத் தெரியாதுங்களா?"

தர்சினி அவர் கையிலிருந்த காபியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"நான் அடிச்சதுன்னு ஒரு எடத்துலயும் இல்லீங்களே. அவரும் சொல்லலை, நானும் சொல்லலை. வித்துப்போட்டா அப்புறம் யாருக்குத் தெரியும்? அம்மிணி, அந்தப் பதிவுல என்ற பேரையும் எழுத முடியுமுங்களா? வலது இறக்கை ரேணுகாதேவின்னு?"

கேட்கக் கூடாத ஒன்றைத்தான் கேட்டுவிட்டார். தர்சினி படிவத்தை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினாள். ஒரே கை என்று எழுதினால் விமானம் அவளுக்கு. இரண்டு கை என்று எழுதினால் யாருக்கும் இல்லை. இனி எந்த மனிதரும் சட்டப்படி அதை ஓட்ட முடியாது.

"ஏனுங்க, அதென்ன அப்படியொரு சட்டம்?"

"நாளைக்கு விழுந்தா யார் தப்புன்னு கேட்கிறதுக்கு ஒரே ஆளா இருக்கணுமாம்மா. ரெண்டு பேர்னா ஒருத்தரை ஒருத்தர் கையைக் காட்டுவாங்களாம்."

ரேணுகாதேவி கொஞ்ச நேரம் வலது இறக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது. "அப்ப வேண்டாமுங்க. ஒரே கைன்னே போடுங்க. சொல்றேன்னீங்க, சொல்லீட்டீங்க, நானும் வாக்கு மாற மாட்டேன். இத்தனை நாளு பேரில்லாம இருந்தது, இனியும் இருந்துட்டுப் போகுது. இது மேல போச்சுன்னாப் போதும். நீங்க ஓட்டுங்க, நான் கீழே நின்னு பாக்கறேன்."

அவர் மட்டும் பிடிவாதம் பிடித்திருந்தால் தர்சினிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். இப்படிக் கையில் வைத்துக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? மணி நாலே முக்கால். விமானம் அவளுக்கு. யாரும் தடுக்கவில்லை, கொடுக்கிறவரே எடுத்துக்கொள் என்கிறார். படிவத்தைத் திறந்து முதல் வரிக்குப் போனாள். இருக்கிறதிலேயே நல்ல ஒரு கை, அதைத்தான் இல்லை என்று எழுத வேண்டும். மதுரையில் அந்த விமானம் வலது சக்கரத்தில் இறங்கிய நொடி அவளுக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் பெயரைப் போடாமல் விட்டவன் எவனோ, அவனும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் ஏதோ அவசரம் இருந்திருக்கும்.

"சே!" என்று சத்தமாகவே சொன்னாள். வேகவேகமாகத் தட்டினாள்: "வேலை இரண்டு கைகளால் நடந்தது. வலது இறக்கை முழுவதும் திருமதி ரேணுகாதேவி." யோசித்தால் மாறிவிடுவோம் என்று பயந்து உடனே கைரேகையை வைத்து அனுப்பினாள். ஜெரால்டிடம் என்ன சொல்வது என்று ஒரு நினைப்பு. திங்கட்கிழமை மறுபடி அந்த நாற்காலி என்று ஒரு நினைப்பு. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ரேணுகாதேவி திரையை எட்டிப் பார்த்தார். "என்னங்க அம்மிணி பண்ணீட்டீங்க? உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? நாந்தான் வேண்டாம்னேனே!"

பதில் வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "உரிமை மாற்றம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: ஒன்றுக்கு மேற்பட்ட கை." எதிர்பார்த்ததுதான். மூடப் போனவள், கீழே பொடி எழுத்தில் இன்னும் மூன்று வரி இருப்பதைப் பார்த்தாள். "இந்த விமானம் தொடர்பாக இதே காரணத்துக்காக நிராகரிக்கப்படும் இரண்டாவது வாக்குமூலம் இது. நிராகரிக்கப்பட்டவை பதிவில் சேராது. முதல் வாக்குமூலத்தைக் காண இங்கே தொடவும்."

தொட்டாள். ஆறு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் இரண்டு. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள்.

"என்னங்க அது?" என்றார் ரேணுகாதேவி. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "ஐயா, இந்த விமானத்தின் வலது இறக்கையில் உள்ள ரிவிட் ஆயிரத்து நூற்று நாற்பதும் நான் அடித்தவை அல்ல. என் மனைவி ரேணுகாதேவி அடித்தவை. என் வேலையை விட நேர்த்தியாக இருக்கின்றன. அவர் பெயரையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க இயலாது என்றால் இந்த விமானத்தை நான் முடிப்பதாக இல்லை. இப்படிக்கு, தனபால்."

ரேணுகாதேவி தார்ப்பாயின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொருக்காப் படிங்க" என்றார்.

தர்சினி இன்னொரு தடவை படித்தாள்.

"பேரு வர்ற எடத்தை மட்டும் இன்னொருக்காப் படிங்க, அம்மிணி."

தர்சினி படித்தாள்.